வெறுங்காலில் கார் ஓட்டிய அக்கா

வண்டியில் ஏறுவதற்கு முன்னால் அக்கா செருப்பைக் கழற்றி என் மடியில் போட்டுவிடுவார். கீழே வைத்தால் பெடலுக்கு அடியில் போய்ச் சிக்கிக்கொள்ளும். பின்னால் வைக்கலாமென்றால் அந்தக் காருக்குப் பின்னால் என்று ஒன்றே கிடையாது. இரண்டு பேர் உட்காரலாம், மூன்றாவதாக ஒரு காய்கறிப் பையைத் திணிக்கலாம், அவ்வளவுதான். பன்னிரண்டு வருஷம் அவர் வீட்டில் சமைத்தேன். சந்தைக்கோ கோயிலுக்கோ கல்யாண வீட்டுக்கோ, எங்கே போனாலும் அவர் செருப்பை மடியில் வைத்துக்கொண்டுதான் போனேன். பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ, எனக்கு அது ஒரு குறையாகவே தோன்றியதில்லை. சந்தோஷமாகப் போனேன். அந்தச் சந்தோஷத்தை முதலில் சொல்லிவிட வேண்டும், பின்னால் சொல்லப்போவதற்கு அதுதான் காரணம்.

அக்கா என்றதும் கூடப்பிறந்தவர் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். சூலூரைத் தாண்டி ஒரு தென்னந்தோப்பு, தோப்புக்குள் பெரிய வீடு, அந்த வீட்டு அம்மா அவர். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே, "அம்மான்னு கூப்புட்டீன்னா நான் கெழவியாயிருவேன். அக்கான்னு கூப்புடு அம்மிணி" என்றார். அப்போதே அவருக்கு அறுபது நெருங்கிக்கொண்டிருந்தது. கணவர் இல்லை. ஒரே மகன், பெங்களூரில் பெரிய வேலை. வீட்டை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை, அதற்குள் அந்தக் கார்.

பாகற்காய்ப் பச்சை. முன்பக்கம் நீளம், பின்பக்கம் குட்டை. இரண்டு விளக்கும் துருத்திக்கொண்டு நிற்கும், அதனால் ஊரில் அதற்குத் தவளை வண்டி என்று பேர். மூக்கில் ஏதோ இங்கிலீஷ் எழுத்து உண்டு. எனக்குத் தமிழ் எழுத்தே தெரியாது, அதை எங்கே படிக்க. வால்பாறைப் பக்கம் தேயிலைத் தோட்டம் வைத்திருந்த வெள்ளைக்காரர் ஒருவர் சீமைக்குத் திரும்பும்போது அக்காவின் அப்பாவுக்குக் கொடுத்துவிட்டுப் போன கார். பந்தயத்துக்கென்றே செய்ததாம். அக்கா தாவணி போடுகிற வயதிலேயே அதை ஓட்டப் பழகிவிட்டார். மேலே கூரை கிடையாது. மழைக்கு ஒரு கித்தான் துணி இருந்தது. அதை இழுத்து நாலு மூலையிலும் மாட்டி முடிப்பதற்குள் மழை விட்டுவிடும்.

முதல் தடவை ஏறி உட்கார்ந்தபோது தரையில் பாய் விரித்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. சூலூர் பஸ் ஸ்டாண்டு ஓரமாக நின்றபோது ஒரு நாய் வந்து என் முகத்துக்கு நேரே முகத்தை வைத்து மோந்து பார்த்தது. பக்கத்தில் ஒரு டவுன் பஸ் வந்து நின்றது. அதன் சக்கரம் என் தலையை விட உயரம். படியில் தொங்கிக்கொண்டிருந்த கண்டக்டர் குனிந்து பார்த்துக் கேட்டார்.

"ஏனுங்கம்மா, உக்காந்துட்டுப் போறீங்களா, படுத்துட்டுப் போறீங்களா?"

அக்கா நிமிர்ந்து பார்த்தார். "நீ தொங்கிட்டுப் போறியே கண்ணு, அதுக்கு இது தேவலை."

பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். அதற்குள் அக்கா கியரைத் தட்டி, அந்தத் தவளை ஒரு எம்பு எம்பிப் போனது பாருங்கள், என் முந்தானை பின்னால் கொடி மாதிரி பறந்தது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நான் அப்படிச் சத்தமாகச் சிரித்ததில்லை. இன்றைக்கும் அந்தக் காற்றை நினைத்தால் வாய் தானாகச் சிரிக்கிறது.

ஆனால் வண்டிக்குள் பேசக்கூடாது. அதுதான் எனக்குக் கஷ்டம். நான் பேசிக்கொண்டே கீரை ஆய்கிறவள், பேசிக்கொண்டே தூங்குகிறவள். அக்கா ஒரு விரலைத் தூக்குவார். "வண்டி பேசறப்ப நாம பேசக்கூடாது அம்மிணி" என்பார். என்ன பேசுகிறது என்று கேட்டால், "கையிலயும் கால்லயும் பேசுது. நீ காதுல கேக்கப் பாக்கறே" என்பார்.

வெறுங்காலில் ஓட்டுவதும் அதற்காகத்தான். ஒரு நாள் சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன். ஏனுங்கக்கா, செருப்புப் போட்டுக்கொண்டு ஓட்டினால் என்ன என்று கேட்டேன். "ரப்பர் உறையைக் கையில மாட்டீட்டு மாவு பெசைவியா நீ? பதம் எப்படித் தெரியும்?" என்றார். அப்புறம் புடவையைக் கொஞ்சம் தூக்கி இடது காலைக் காட்டினார். வெள்ளையாக, நரம்போடிய, சின்னக் கால். "வலது காலுக்கு மிதிக்க மட்டுந்தான் தெரியும், அது முரட்டுக் கழுதை. இதுதான் கெட்டிக்காரி. கிளட்சு எந்த எடத்துல புடிக்குது, எந்த எடத்துல உடுதுன்னு ஒரு நூலளவு இதுக்குத் தெரியும்."

வண்டிக்கு மட்டும் இல்லை, எல்லாவற்றுக்கும் அவர் அப்படித்தான். கிணற்று மோட்டார் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, "உள்ள பேரிங்கு தேஞ்சிருச்சு, இன்னும் ரெண்டு நாள்ல நின்னுரும்" என்பார். நின்றுவிடும். பால் சூட்டை விரல் விட்டுத்தான் பார்ப்பார். மகன் காய்ச்சல் பார்க்க ஒரு கருவி வாங்கிக் கொடுத்தான். அது மூன்று வருஷம் சாமி அலமாரியில் திருநீற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் சும்மா கிடந்தது. தன் உடம்பு சொன்னால்தான் நம்புவார். காகிதம் சொல்வதையும் கருவி சொல்வதையும் நம்பமாட்டார். சர்க்கரை வந்தபோதும் அதே கதைதான். டாக்டர் எழுதிக்கொடுத்த சீட்டைக் காற்றில் ஆட்டிக்கொண்டு, "ஏறிப்போச்சுன்னு இந்தக் காயிதம் சொல்லுது. எனக்கு ஒண்ணும் தெரியலியே அம்மிணி" என்றார். அன்று சாயங்காலமே வெல்லம் வைத்த ஒப்பிட்டுப் போளி வேண்டுமென்று கேட்டு இரண்டு வாங்கித் தின்றார். நான்தான் சுட்டுக் கொடுத்தேன்.

அந்த மகன் நல்ல பையன். நான் அவனைத் தம்பி என்பேன், அவன் என்னை அக்கா என்பான். அதையும் சொல்லிவிடுகிறேன். கதை கேட்கிறவர்கள் மகனென்றால் கெட்டவனாகத்தான் இருப்பான் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். ஒரு பொங்கலுக்கு வந்தபோது அம்மாவுக்கென்று புதுக் கார் ஒன்று கொண்டுவந்து நிறுத்தினான். வெள்ளை நிறம், வீடு மாதிரி உயரம், உள்ளே குளுகுளு என்று காற்று.

"இதுல கியரே மாத்த வேண்டாமுங்கம்மா. கிளட்சே கெடையாது" என்றான்.

"அப்பறம் இடது காலை எங்கடா வெக்கறது?"

"சும்மா வெச்சுக்குங்க."

"சும்மா வெச்சா மரத்துப்போகுமடா."

எல்லோரும் சிரித்தோம்.

மூன்று பேருமாகப் பல்லடம் வரை போய்வந்தோம். அக்காதான் ஓட்டினார். கோட்டைத் தாண்டினால் அந்தக் கார் கத்தியது. பக்கத்தில் ஸ்கூட்டர் வந்தால் கத்தியது. ஒரு இடத்தில் முன்னால் போன டெம்போ நின்றபோது அக்கா மிதிப்பதற்கு முன்னாலேயே அதுவாக நின்றது. அக்கா கையை மடியில் வைத்துக்கொண்டு மகனைப் பார்த்தார்.

"இப்ப நான் ஓட்டறனா, இது என்னையக் கூட்டிட்டுப் போகுதா?"

"பாதுகாப்புக்குத்தானுங்கம்மா."

"என்ற மாமியா கூட என்னைய இத்தனை கத்துனதில்லைடா" என்றார்.

அவன் ஊருக்குப் போனதும் அதைப் புளியமரத்தடியில் நிறுத்தினார். வாரம் ஒரு தடவை துடைப்போம். கோழி அதற்கடியில் அடைகாத்தது. எனக்கு அந்தக் கார் பிடித்திருந்தது, ஏன் பொய் சொல்ல வேண்டும்? தவளை வண்டியில் காலடி கொதிக்கும். இன்ஜின் சூட்டை வெளியே தள்ளுகிற குழாய் எங்கள் இருவருக்கும் நடுவில் தரைக்கடியில் போகிறது. கிளம்பும்போதே நான் ஒரு சாக்கை நனைத்து என் காலடியில் போட்டுக்கொள்வேன். அக்காவுக்கும் ஒன்று நனைத்துக் கொடுத்தேன். வேண்டாம் என்றுவிட்டார், சாக்கு இருந்தால் பெடல் பேசுவது கேட்காதாம்.

ஒரு தடவை சத்தியமங்கலம் தாண்டித் திம்பம் மலை ஏறினோம். பண்ணாரி அம்மனைக் கும்பிட்டுவிட்டுத் திரும்ப வேண்டியவர்கள்தான். "ஏறிப் பாப்பமா அம்மிணி?" என்றார். நான் வேண்டாமென்றா சொல்வேன்? கொண்டை ஊசி மாதிரி வளைவுகள், ஒன்று முடிவதற்குள் இன்னொன்று. ஒவ்வொன்றிலும் அக்காவின் இடது கால் போய் அமுங்கும், இடது கை கியரைத் தட்டும், வண்டி தொண்டையைச் செருமிக்கொண்டு திரும்பும். அந்த மூன்றும் ஒரே நேரத்தில் நடக்கும். கும்மி அடிக்கிறவர்களைப் பார்த்திருப்பீர்களே, எந்தக் கை முதலில் தட்டியது என்று சொல்ல முடியாது இல்லையா, அந்த மாதிரி. மேலே போய் நிறுத்திவிட்டு இறங்கினோம். கூந்தலெல்லாம் கலைந்து, முகமெல்லாம் சிவந்து, இருபது வயதுப் பெண் மாதிரி நின்றார்.

"புதுக் கார் இதை உட வேகமாப் போகுது, சில்லுனு இருக்குது. எதுக்குங்கக்கா இந்தக் கொதிக்கற வண்டியவே கட்டீட்டு அழுவறீங்க?" என்று கேட்டேன்.

கீழே தெரிந்த ரோட்டைப் பார்த்தார். "அதுல நூறுல போனாலும் சோபாவுல உக்காந்த மாதிரி இருக்குது. இதுல நாப்பதுல போனா, நாந்தான் போறேன்னு தெரியுது. வளைவுல கொஞ்சம் ஏமாந்தா இது கைய உட்டுப்போடும். உடாமப் புடிச்சு வளைச்சுக் கொண்டாந்தா அந்த வளைவு என்னோடது. அதுல வந்தா அது அந்தக் காரோட வளைவு. எனக்கென்ன அதுல?"

எனக்கு முழுக்க விளங்கவில்லை. ஆனால் மலை இறங்கும்போது நானும் கொஞ்சம் கவனித்தேன். உட்கார்ந்த இடத்தில், இடுப்பில், ரோடு எங்கே கரடு, எங்கே வழவழப்பு என்று தெரிந்தது. பஸ்ஸில் எத்தனை தடவை போயிருக்கிறேன், ரோட்டுக்கு அப்படி ஒரு உடம்பு இருக்கிறதென்று தெரியாமலே போயிருக்கிறேன்.

இனிச் சொல்வதுதான் எனக்குக் கஷ்டம். வளவளவென்று பேசுகிறவள்தான், ஆனால் இதை இத்தனை வருஷமாக யாரிடமும் பேசவில்லை.

ஒரு நாள் மத்தியானம் தோப்பைச் சுற்றிவிட்டு அக்கா வீட்டுக்குள் வந்தார். ஒரு காலில்தான் செருப்பு இருந்தது.

"ஏனுங்கக்கா, இன்னொரு செருப்பு எங்கீங்க?"

குனிந்து பார்த்தார். தன் காலைத்தான் பார்த்தார், ஆனால் வேறு யாரோ அங்கே காலை வைத்துவிட்டுப் போன மாதிரி பார்த்தார். இரண்டு பேரும் தேடிப் போனோம். வாய்க்கால் சேற்றில் செருப்பு சொருகிக் கிடந்தது. அங்கிருந்து வீடு வரை சரளைக் கல்லும் கொட்டாங்குச்சிச் சில்லும் நிறைந்த பாதை. அத்தனையையும் வெறும் இடது காலால் மிதித்துக்கொண்டு வந்திருக்கிறார்.

அப்படியே வாய்க்கால் மேட்டில் உட்கார்ந்தார். காலை நீட்டினார்.

"கிள்ளு அம்மிணி."

நான் பெருவிரலைக் கிள்ளினேன்.

"நல்லாக் கிள்ளு."

நகம் பதியக் கிள்ளினேன். அவர் காலைப் பார்க்கவில்லை. முகத்தைத் திருப்பித் தென்னைமரத்து உச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார்.

"கிள்ளீட்டியா?"

என் நகம் பதிந்த இடத்தில் ரத்தம் கட்டியிருந்தது. காலை மெதுவாகக் கீழே வைத்தேன். அவருக்குப் புரிந்துவிட்டது. வாய்க்கால் தண்ணீரில் அந்தக் காலை முக்கி, மெதுவாகச் சேற்றைக் கழுவினார், குழந்தைக்குக் கழுவுவது மாதிரி.

"தம்பிகிட்டச் சொல்லிப்போடாதே" என்றார். "சொன்னா நாளைக்கே வந்து சாவிய வாங்கிப்போடுவான்."

சரியுங்கக்கா என்றேன்.

அவர் மேல் இருந்த பாசத்தால்தான் வாயை மூடிக்கொண்டேன் என்று எனக்கு நானே ரொம்ப நாள் சொல்லிக்கொண்டேன். அது பாதிதான் உண்மை. மீதிப் பாதி, சாவி போனால் என்னுடைய சவாரியும் போய்விடும். என் வாழ்க்கையில் எனக்கென்று இருந்த ஒரே காற்று அது. அதை விட்டுவிட எனக்கு மனசு வரவில்லை.

அதற்குப் பிறகும் அவர் ஓட்டினார். கால் சொல்லாததைக் காதால் கேட்டு ஓட்டினார். சில சமயம் குனிந்து கால் பெடல் மேல்தான் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வார். பாப்பம்பட்டிப் பிரிவில் ஒரு நாள் கியர் போடும்போது வண்டி கறகறவென்று கத்தியது. அத்தனை வருஷத்தில் அந்தச் சத்தத்தை நான் கேட்டதே இல்லை. அக்கா ஸ்டியரிங்கைத் தடவிக்கொடுத்தார். "பொட்டி பழசாயிருச்சு" என்றார். "ஆமாங்கக்கா" என்றேன். கியர்ப் பெட்டிக்கு ஒன்றும் இல்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

ஆனி மாசக் கடைசியில் சிங்காநல்லூரிலிருந்து மெக்கானிக் வந்தார். அந்த வண்டியை அவரைத் தவிர யாரையும் தொட விடமாட்டார் அக்கா. அவர் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, சட்டையைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

"சூட்டுக்கொழாய்க்கும் தரைக்கும் நடுவுல ஒரு தகடு இருக்குமுங்கம்மா. அது உங்க பக்கம் துருவேறி ஓட்டையாப் போச்சு. இத்தனை சூட்டை எப்படித் தாங்குனீங்க?"

"ஒண்ணும் தெரியலியே" என்றார் அக்கா.

"உங்களுக்கென்ன காலா, இரும்பா?" என்று அவர் சிரித்தார். "வண்டிய ஒரு வாரம் உடுங்க. தகடு வெட்டி வெச்சுத் தாரேன்."

"ஆடி நோம்பி முடியட்டும். பதினெட்டுக்குக் கொடுமுடி போயிட்டு வந்து உடறேன்."

நான் காப்பி டம்ளரோடு பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். மெக்கானிக் சிரித்துக்கொண்டே காப்பியை வாங்கினார். அப்போது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஏனுங்க, இவிங்களுக்குக் காலில் உணர்ச்சியே இல்லீங்க என்று ஒரே ஒரு வார்த்தை. அக்கா என்னைப் பார்த்தார். நான் டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போனேன்.

ஆடிப் பதினெட்டுக்குக் கொடுமுடி போய்க் காவிரியில் முழுகுவது அவர்கள் வீட்டு வழக்கம். அப்பா இருந்தபோது இதே வண்டியில்தான் கூட்டிப்போவாராம். விடிகிறபோது கிளம்பினோம். பல்லடம், காங்கேயம் எல்லாம் காற்றாகப் போனோம். அக்கா அன்று அத்தனை சந்தோஷமாக இருந்தார். பஸ்ஸிலிருந்தும் டெம்போவிலிருந்தும் ஜனங்கள் கையாட்டினார்கள். புதுசாகக் கல்யாணமான பெண் ஒருத்தி ஓடிவந்து அக்காவோடு செல்போனில் படம் எடுத்துக்கொண்டாள். ஊருக்குள் நுழைகிற இடத்தில் எல்லாம் நின்றுவிட்டது. முன்னாலும் பின்னாலும் வண்டி, நடுவில் மாவிளக்குத் தட்டும் பூக்கூடையுமாக ஜனம். ஒரு அடி நகரும், நிற்கும். ஒரு அடி நகரும், நிற்கும். அடிக்கொரு தடவை அக்கா இடது காலை அமுக்கிப் பிடித்தபடி இருந்தார். ஓடுகிற வண்டி என்றால் காற்றில் சூடு ஆறும். நின்ற வண்டியில் எங்கே போகும்? என் சாக்கு காய்ந்து மொரமொரத்துவிட்டது. காலைத் தூக்கிச் சீட்டு மேல் சம்மணம் போட்டுக்கொண்டேன்.

"அக்கா, உங்களுக்குக் கால் சுடலீங்களா?"

"எனக்கெங்கே சுடுது!" என்றார். என்னை ஜெயித்துவிட்ட மாதிரி சிரித்தார்.

ஆற்றில் இறங்கி முழுகினார். மணிக்கட்டில் மஞ்சள் சரடு கட்டிக்கொண்டார். படியேறி வந்ததும் அவர் புடவைக் கரையைப் பிழிந்துவிட நான் குனிந்தேன். இடது பாதத்தின் வெளிப்பக்கம், விரலடியிலிருந்து குதிகால் வரை, தோல் வெளுத்து, உப்பி, தனியாகக் கழன்று நின்றது. வெந்த உருளைக்கிழங்குத் தோல் மாதிரி. நான் சமைக்கிறவள், எனக்கு அப்படித்தான் சொல்லத் தெரிகிறது. நடந்து வந்த படிகளில் ஈரத்தோடு ஈரமாக லேசான சிவப்பு.

"என்ன பாக்கறே?" என்றார்.

காட்டினேன். படியில் உட்கார்ந்து பார்த்தார். தொட்டுப் பார்த்தார். சின்னப் பெண் குரலில் சொன்னார்.

"வலிக்கலியே அம்மிணி."

சுற்றிலும் குலவைச் சத்தம். யாரோ எங்கள் மேல் தெரியாமல் தண்ணீரைத் தெளித்துவிட்டுப் போனார்கள்.

"பஸ்ஸுல போயிரலாமுங்கக்கா. தம்பிக்கு ஒரு போன் போடலாமுங்க" என்றேன். "வண்டிய இங்க உட்டுப்போட்டா?" என்றார். மஞ்சளை வைத்து ஈரத் துணியைச் சுற்றிக் கட்டினேன். என் கையால்தான் கட்டினேன். அதே காலால் கிளட்சை மிதித்து அவர் வீடு வரை ஓட்டிக்கொண்டு வந்தார். ஒரு இடத்திலும் கியர் கத்தவில்லை. அத்தனை கவனமாக ஓட்டினார். நானும் வாயே திறக்கவில்லை.

நாலாம் நாள் காய்ச்சல் கண்டு, காலிலிருந்து வாடை வந்த பிறகுதான் தம்பிக்குப் போன் போட்டேன். கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் முதலில் விரல்களை எடுத்தார்கள். அப்புறம் பாதத்தை. அதற்கும் அடங்காமல் முழங்காலுக்குக் கீழே முழுக்க எடுத்தார்கள்.

தம்பி தூங்காத கண்ணோடு என் முன்னால் வந்து நின்றான். கட்டிலில் அக்கா கண்ணை மூடிப் படுத்திருந்தார்.

"ஏனுங்கக்கா, கால் மரத்துப்போனது உங்களுக்கு முன்னாடியே தெரியுமுங்களா?"

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் கட்டிலிலிருந்து குரல் வந்தது.

"அவளுக்கென்னடா தெரியும்? சோறாக்கறவகிட்டப் போய் இதையெல்லாம் கேட்டுட்டு நிக்கறே."

பன்னிரண்டு வருஷத்தில் அக்கா என்னைச் சோறாக்குகிறவள் என்று சொன்னது அந்த ஒரு தடவைதான். சொல்லிவிட்டுக் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். "சரியுங்கம்மா" என்று தம்பி நகர்ந்துவிட்டான். அந்த வார்த்தையை எனக்கு மேல் ஒரு போர்வை மாதிரி போட்டுவிட்டார். அதற்குள் ஒளிந்துகொண்டேன். இன்று வரைக்கும் அந்தப் பையனிடம் நான் சொல்லவில்லை.

பச்சை வண்டியைக் கொடுத்துவிட முடிவு செய்தது அக்காதான். வேண்டாம், கொட்டகையிலேயே இருக்கட்டும் என்று தம்பி சொன்னான். "ஓடாம வெச்சா அதுக்கும் மரத்துப்போகும்" என்றார் அக்கா. பழைய கார்களைச் சேர்த்து வைக்கிற கோயமுத்தூர்க்காரர் ஒருவர் வந்தார். மரியாதையான மனுஷர்தான். அக்கா வெளியே வரவில்லை, உள்ளறையில் சக்கர நாற்காலியில் இருந்தார். வண்டி கிளம்பிய சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் அது அங்கேயே நின்று இரைந்துகொண்டிருந்தது. அக்கா முகம் சுருங்கியது.

"சோக்கைப் போட்டே வெச்சிருக்கறான். உள்ள தள்ளச் சொல்லு அம்மிணி. அதுக்கு மூச்சு முட்டுது."

நான் ஓடினேன். அந்த மனுஷர் ஒவ்வொரு குமிழாகத் தேடிக்கொண்டிருந்தார். நானே கையை நீட்டி அந்தக் கறுப்புக் குமிழை உள்ளே தள்ளினேன். வண்டி இரைச்சல் அடங்கி, பூனை மாதிரி உறுமியது. நான் திரும்பிப் போனபோது அக்கா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். பாப்பம்பட்டிப் பிரிவு தாண்டுகிற வரைக்கும் அவருக்கு அந்தச் சத்தம் கேட்டிருக்கும். எனக்குத் தோப்பு வாசலோடு நின்றுவிட்டது.

அதற்குப் பிறகு அவர் அதிகம் பேசவில்லை. கட்டைக்கால் செய்து கொடுத்தார்கள். அது உறுத்துகிறது என்று மாட்டவில்லை. தை பிறந்து ஒரு காலை நேரம், சட்னிக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். "அந்த வெள்ளைக் கார் சாவிய எடு" என்றார்.

"எதுக்குங்கக்கா?"

"அதுக்கு ஒரு கால் போதுமில்ல? அந்த முரட்டுக் கழுதைதான் மிச்சம் இருக்குதே."

தோப்புக்குள்ளேயே, வாய்க்கால் வரை போய்வர ஒரு மண்பாதை உண்டு. வேறு வண்டி வராது. அவரை அணைத்துத் தூக்கி உட்கார வைத்தேன். நான் இடது பக்கம் ஏறிக்கொண்டேன். கண்ணாடி எல்லாம் மூடிக்கொண்டது. சத்தமே இல்லாமல் அந்தக் கார் நகர்ந்தது. தென்னைமரங்கள் ஒவ்வொன்றாக வந்து ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. இந்தக் காரில் பேசலாம். ஆனால் எனக்குப் பேச்சு வரவில்லை.

"நல்ல வண்டிதான் அம்மிணி" என்றார் அக்கா. "குத்தஞ் சொல்ல ஒண்ணுமில்ல. பையன் பாத்துத்தான் வாங்கியிருக்கறான்."

அவர் முகம் நேராகப் பாதையைப் பார்த்தபடி இருந்தது. நான் கீழே பார்த்தேன். மடித்துச் சொருகிய புடவைக்குள் அவருடைய இடது தொடை அசைந்தது. பாதை மேடேறுகிற இடத்தில் கொஞ்சம் உயர்ந்து, கீழே அமுங்கியது. மேடு முடிந்ததும் தளர்ந்தது. வாய்க்கால் திருப்பத்தில் மறுபடி உயர்ந்தது, மறுபடி அமுங்கியது. மிதிக்க அங்கே ஒன்றும் இல்லை, மிதிக்கிற காலும் இல்லை. அது அவருக்குத் தெரியவில்லை. திருப்பத்துக்குத் திருப்பம், மேட்டுக்கு மேடு, ஒரு இடத்தைக் கூட விடாமல் அது அமுங்கிக்கொண்டே வந்தது.

நான் ஜன்னல் பக்கம் திரும்பி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன்.

"ஏன் அம்மிணி அழுவறே?" என்றார். "நல்லாத்தானே ஓட்டறேன்?"

"நல்லா ஓட்டறீங்கக்கா" என்றேன்.